காலைக் கறுப்பு

சின்ன வயதில் மிதுனா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஒரே ஒரு நாள் சண்டை போடாமல் இருந்தால் மருதமலைக்கு நடந்தே படியேறி வருகிறேன் என்று. முருகன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிள்ளைகளின் வேண்டுதலில் எதை நிறைவேற்றக் கூடாது என்று சாமிக்குத் தெரிந்திருக்கிறது. மிதுனாவுக்குத்தான் தெரியவில்லை.

சண்டை என்றால் பாத்திரம் பறக்கிற சண்டை இல்லை. மயில்சாமி ஒன்று சொன்னால் கோகிலவாணி அதை மறுப்பார், அவ்வளவுதான். கோகிலவாணி சொன்னதை மயில்சாமி ஒத்துக்கொண்டதாகவும் சரித்திரம் கிடையாது. மயில்சாமி கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருந்தவர். வயதானதும் பட்டறையைக் கைமாற்றிவிட்டு வடவள்ளி வீட்டில் வந்து உட்கார்ந்தார். கோகிலவாணி பெண்கள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். பம்பு தெரிந்தவரையும் தண்ணீர் தெரிந்தவரையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் வேறு என்ன நடக்கும்?

அந்த வீட்டுக்குப் பச்சோந்தி வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். கோகிலவாணியோடு வேலை பார்த்த ஒருவர் மகனோடு ஜெர்மனியில் போய்த் தங்கக் கிளம்பியபோது கூண்டோடு கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார். நம் காட்டுப் பச்சோந்தியை வீட்டில் வைத்தால் ஜெயில். இது ஏமன் நாட்டு இனம், பண்ணையில் பொரித்தது, லைசென்ஸ் உண்டு. தலையில் கொண்டை போட்ட மாதிரி ஒரு தூக்கல். ஒரு கண் வாசலைப் பார்க்கும்போதே இன்னொரு கண் அடுப்படியைப் பார்க்கும். அதைப் பார்த்த மயில்சாமி 'மேனேஜர்' என்று பேர் வைத்தார். கோகிலவாணி 'பச்சையப்பன்' என்று வைத்தார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே அதற்கு இரண்டு பேர்.

பச்சோந்திக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பிரயோசனம் இல்லை. அசையாமல் கிடக்கிற தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியாது. இலைமேல் சொட்டு விழ வேண்டும், பளபளக்க வேண்டும், வழிய வேண்டும். அப்போதுதான் நாக்கை நீட்டி நக்கும். மயில்சாமி ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி, கூண்டின் மேல் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதன் குழாயிலிருந்த உருளையைத் திருகிச் சொட்டின் வேகத்தைச் சரிசெய்தார். கோகிலவாணி இஸ்திரிக்கு வைத்திருந்த ஸ்பிரே பாட்டிலால் இலைகளின் மேல் பனி மாதிரி தூவினார். விடிந்ததும் கூண்டு விளக்கு எரியத் தொடங்கும். விளக்கோடு சேர்ந்து கச்சேரியும் தொடங்கும்.

"ஏனுங்க, பாட்டில்ல எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"ஃபில்டர் தண்ணிதான்."

"சிறுவாணித் தண்ணி வர்ற வீட்ல ஃபில்டர் தண்ணி ஊத்துற ஒரே ஆளு நீங்கதானுங்க. அதுல ஒரு சத்தும் இல்ல."

"சத்துக்கு அது பூச்சி திங்குது. உன்ர சிறுவாணி குழாய்ல வர்றப்பவே துருவையும் கூட்டிக்கிட்டு வருது."

"துருன்னா இரும்புங்க. காலம்பூரா இரும்போட கெடந்த மனுசனுக்கு இரும்பைக் கண்டா பயமாக்கும்? சொட்டைக் கொஞ்சம் குறைங்க. அடமழையாட்டக் கொட்டுது."

"பம்புக்காரனுக்கே தண்ணி விடச் சொல்லித் தர்றியா? நல்லா இருக்கு நாயம்."

கோகிலவாணி கல்லூரிக்குக் கிளம்பும்வரை இது ஓடும். மாலையில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுநடுவே பச்சோந்தியின் தண்ணீரிலிருந்து நழுவி, மிதுனாவின் சம்பளம், மச்சினன் வாங்கிய நிலம், ரசத்தில் உப்பு என்று எங்கெங்கோ போய்விட்டுக் கூண்டுக்கே திரும்பி வரும். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு இரைச்சல். உள்ளே இருந்த இருவருக்கும் அதுதான் வீடு. இது மிதுனாவுக்குப் புரியவில்லை என்று அவளைக் குறை சொல்லவும் முடியாது. பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

மிதுனா பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வாயில்லாத பிராணிகளின் மனக்கஷ்டத்தை உடம்பைப் பார்த்தே கண்டுபிடிக்கிற கருவிகள் செய்கிற கம்பெனி. மாட்டுக்குக் கழுத்துப் பட்டை, நாய்க்குக் காதில் ஒரு பொத்தான் என்று ஏற்கெனவே செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பச்சோந்திக்கு அதுவும் தேவையில்லை. அதன் தோலே எல்லாவற்றையும் நிறத்தில் எழுதிக்காட்டிவிடும் என்பது அவளுடைய யோசனை. நிறத்தைப் படிக்கிற ஒரு கேமரா, ஒரு குட்டி பம்பு, தூவலுக்கு நாலு முனை, சொட்டுக்கு ஒரு குழாய். இவற்றையெல்லாம் நடத்துகிற, கையடக்கமான ஒரு பெட்டி. தைப்பொங்கலுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து கூண்டுமேல் மாட்டினாள்.

"இனி யாரும் தண்ணி விட வேண்டாம்ப்பா. அதுக்கு எப்ப தாகமோ அப்ப இதுவே விட்டுரும்."

"டைமர் வெச்சா போதாதா? அஞ்சு நிமிசத்துல நானே பண்ணித் தந்திருப்பேன்," என்றார் மயில்சாமி.

"டைமருக்கு நேரம் மட்டும்தாம்ப்பா தெரியும். இதுக்கு நோக்கம் தெரியும். பச்சோந்தி நல்ல பச்சையில இருக்கணும், கறுக்கக் கூடாது. அது ஒண்ணுதான் நான் குடுத்திருக்கிற வேலை. எப்படிச் செய்யறதுங்கறது அதோட சாமர்த்தியம்."

"ஈரப்பதம் பாக்குமா?" என்று கேட்டார் கோகிலவாணி.

"எல்லாம் பாக்கும்மா. ஏசி போட்டா காத்து காஞ்சுரும், சன்னலத் திறந்தா குளிரும். அதனால வீட்ல இருக்கற விளக்கு, ஏசி, கீசர், டிவி, நம்ம போன் எல்லாத்தோடயும் பேசறதுக்கு அனுமதி குடுத்திருக்கேன். கூடத்துச் சத்தத்தையும் கேக்கும்."

பெட்டியைக் கூண்டின் இடதுபக்கம் மாட்டுவதா வலதுபக்கம் மாட்டுவதா என்று அன்று மத்தியானம் வரை விவாதம் நடந்தது. இருவரும் அவ்வளவு உற்சாகமாக வாதாடியதை மிதுனா சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவே கடைசி என்று தெரிந்திருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பாள்.

பெட்டி நன்றாக வேலை செய்தது. அதுதான் இந்தக் கதையின் கஷ்டமே. பச்சோந்தி கொழுத்துக் கண் தெளிந்து, கழுத்தில் மஞ்சள் வரி பளிச்சென்று ஓட, காலண்டர் படம் போல இருந்தது. மிதுனா போனில் கூப்பிடும்போதெல்லாம் பின்னணியில் இருந்த இரைச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது. அம்மா பேசும்போது அப்பா குறுக்கே புகுந்து திருத்துவது நின்றது. அப்பாவிடம் பேசினால் பால்கனியில் இருக்கிறேன் என்பார். அம்மாவிடம் பேசினால் அறையில் இருக்கிறேன் என்பார். வீடு அமைதியாகிவிட்டது என்று மிதுனா பூரித்துப்போனாள். பெட்டியின் கணக்குகளை எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் காட்டினாள். கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பச்சோந்திக்கு என்று ஆரம்பித்து, கிளிக்கு, பூனைக்கு, நாய்க்கு என்று பெருகியது. வாங்கியவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே எழுதினார்கள்: எங்கள் செல்லம் மட்டுமில்லை, எங்கள் வீடே நிம்மதியாகிவிட்டது.

கோகிலவாணி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டார்.

"குன்னூர்ல ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்குக் கூப்பிடறாங்க கண்ணு. அங்கயே தங்க இடமும் தர்றாங்க. ஒத்துக்கிட்டேன்."

"அப்பா?"

"அவரு இங்கதான்."

"லீவுக்கு வருவீங்களாம்மா?"

"வர்றதுன்னா வரலாம். வேலையில்லாம எதுக்கு வர்றது? நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. நீ மனசப் போட்டு அலட்டிக்காத."

சண்டை இல்லை என்பதுதான் மிதுனாவை உலுக்கியது. கத்திக்கொண்டே காலம்பூரா சேர்ந்திருந்தவர்கள், ஒரு சுடுசொல் இல்லாமல் பிரிகிறார்கள். அவள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தபோது கோகிலவாணி குன்னூருக்குப் போய்விட்டிருந்தார். அலமாரியில் அவர் புடவைகள் இருந்த பக்கம் காலியாக இருந்தது. மயில்சாமி மகளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் மிதுனா கூடத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா நடந்தது? அம்மா போறேன்னா போன்னு விட்டுட்டீங்களா?"

"போறேன்னாங்க. சரின்னேன்."

"ஏன் சரின்னீங்க? ஒரு நாளாவது அம்மா சொன்னதுக்கு நீங்க சரின்னு சொல்லியிருக்கீங்களா? இதுக்கு மட்டும் எதுக்கு?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. தன் குரல் அப்பாவின் குரல் மாதிரியே இருப்பதை அவளே கவனித்தாள். மயில்சாமி கூண்டைப் பார்த்தார். உள்ளே பச்சோந்தி கிளையைப் பிடித்துக்கொண்டு கரிக்கட்டை நிறத்தில் இருந்தது.

அடுத்த நாள் காலை அவள் கூடத்துக்கு வரலாம் என்று எழுந்தபோது, குளியலறைக் கீசர் தானாகவே சூடாகி, வெந்நீர் தயார் என்று விளக்குக் காட்டியது. சரியென்று குளிக்கப் போனாள். வெளியே வந்தால் அறையில் போன் நினைவூட்டியது, ஆபீசில் எவனோ எப்போதோ கேட்ட கேள்விக்குப் பதில் போடவில்லை என்று. அதை முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது அப்பா இல்லை. பால்கனியில் வைத்திருந்த சின்ன டிவி ஓடிக்கொண்டிருந்தது. பழைய கால மோட்டார்களைப் பிரித்து மாட்டுகிற நிகழ்ச்சி. மயில்சாமி அதன் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் பச்சோந்தி தளதளவென்று பச்சையாக இருந்தது.

அதற்கு மறுநாளும் அப்படியே நடந்தது. கீசருக்குப் பதிலாகத் துணி துவைக்கிற மெஷின், ஆபீசுக்குப் பதிலாகக் காரின் சார்ஜர். அப்பாவுக்கு மட்டும் அதே பால்கனி. மிதுனா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் செய்த பொருள். அதன் நடை அவளுக்குத் தெரியாதா?

கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். பெட்டிக்கு வாயும் உண்டு. அளந்து பேசும். யாரும் அதனிடம் பேச்சுக் கொடுப்பதில்லை என்பதால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

"என்னையும் அப்பாவையும் கூடத்துல சேர விடாம பண்றது நீதான?"

"ஆமாம்," என்றது பெட்டி. "இரண்டு நாள் முன்பு நீங்களும் மயில்சாமி ஐயாவும் இங்கே உரக்கப் பேசினீர்கள். அப்போது நிறம் கறுத்திருந்தது. அதனால் காலை நேரத்தில் உங்கள் இருவருக்கும் வெவ்வேறு இடத்தில் வேலை ஏற்படுத்துகிறேன்."

"தண்ணி விடறதுதான உன் வேலை?"

"நிறம் கறுக்காமல் பார்ப்பது என் வேலை. தண்ணீர் விட்டுப் பார்த்தேன். காலைக் கறுப்பு தண்ணீருக்குப் போகவில்லை. ஐயாவும் அம்மாவும் பேசுகிற நேரத்தில்தான் அது வருகிறது என்று கண்டேன். அவர்கள் கொஞ்சம் தாமதமாகக் கூடத்துக்கு வந்த நாட்களில் நிறம் நன்றாக இருந்தது. அதனால் தாமதப்படுத்தினேன். பிறகு, பேச்சே வேண்டாம் என்று, மாலையிலும் கூடத்து விளக்கை முன்னதாகவே மங்கச் செய்தேன். அவரவர் அறைக்குப் போகப் பழகிவிட்டார்கள்."

"இதுக்கு யாரு உனக்கு அனுமதி குடுத்தா?"

"வீட்டுச் சாதனங்களைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி முதல் நாளிலிருந்து இருக்கிறது. நீங்கள் கொடுத்தீர்கள்."

"அம்மா வீட்டை விட்டே போயிட்டாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதற்குப் பிறகு நிறம் மிகவும் நன்றாக இருக்கிறது."

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் கோபப்பட்டாவது ஆறியிருக்கலாம். மிதுனா அனுமதிகளை ஒவ்வொன்றாக ரத்து செய்தாள். தண்ணீர் ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். "காலையில் நிறம் கெட வாய்ப்பிருக்கிறது," என்று பெட்டி எச்சரித்தது. கெட்டுத் தொலையட்டும் என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர மனசு கேட்கவில்லை. ஒருவேளை அந்தப் பிராணிக்கு நிஜமாகவே மனிதக் கூச்சல் தாங்காதோ? அப்படியானால் பெட்டி செய்தது கொடுமையாக இருந்தாலும் பொய்யில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அம்மாவைக் கூப்பிடக் கூடாது என்று நினைத்தாள். பச்சோந்தியைத் துணிப்பையில் வைத்துக் காந்திபுரத்தில் டாக்டர் ஷம்ஷாத்திடம் கொண்டுபோனாள். ஆமை, அணில், மலைப்பாம்பு என்று மற்ற டாக்டர்கள் தொடாததையெல்லாம் பார்க்கிறவர். வாய் கொஞ்சம் நீளம்.

டாக்டர் அதை முழங்கையில் ஏறவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா மாப்பிள்ளையாட்ட இருக்குது. எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"காலைல கறுப்பாகுது டாக்டர்."

"ஆகட்டும்."

"ஆகலாமா?"

"குளிர்ல எந்திரிச்சா நீங்க போர்வையப் போத்திக்கிறீங்கல்ல? அது கறுப்பைப் போத்திக்குது. அதோட ரத்தத்துல சூடு கெடையாது, வெளியில இருந்துதான் எடுத்துக்கணும். கறுப்பு வெயில நல்லா இழுக்கும். விளக்கு கொஞ்ச நேரம் எரிஞ்சு உடம்பு சூடானா தானே பச்சைக்கு வந்துரும். உங்க வீடு எங்க?"

"வடவள்ளி."

"மலைக்காத்து நேரா உள்ள வருமே. அப்பக் கறுக்காம இருந்தாத்தான் என்கிட்டக் கொண்டாரணும்."

மிதுனா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்கு நிறம் கற்றுக்கொடுக்க அவள் வாங்கிய படங்கள் எல்லாம் ஒரு பெரிய பண்ணையிலிருந்து வந்தவை. அங்கே இரவும் பகலும் ஒரே சூடு வைத்திருப்பார்கள். குளிரே தெரியாத அந்தப் பண்ணையில் ஒரு பச்சோந்தி கறுத்தால் அதற்கு நோவு, இல்லாவிட்டால் பயம். வடவள்ளியின் விடியற்காலை அந்தப் படங்களில் இல்லை. அம்மாவும் அப்பாவும் சண்டை போட்ட நேரமும் பச்சோந்தி குளிரில் எழுந்த நேரமும் ஒன்றாக இருந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இருவரையும் தாமதப்படுத்தியதும் பச்சை வந்தது, ஏனென்றால் அதற்குள் விளக்கு சூடேறியிருந்தது. கூடத்துக்கு ஆள் வந்த பிறகுதான் பெட்டி நிறத்தைக் குறிக்கும், அதற்கு முந்திய கறுப்பு அதன் கணக்கிலேயே இல்லை.

"வீட்ல சத்தம் போட்டுப் பேசிக்குவாங்க டாக்டர். அதனால இதுக்கு ஏதும்..."

"சத்தமா?" டாக்டர் பச்சோந்தியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுக்குக் காது எங்க இருக்குதுன்னு காட்டுங்க."

மிதுனா இரண்டு பக்கமும் பார்த்தாள். பல்லிக்கு இருக்கிற மாதிரி ஒரு துளைகூட இல்லை. வழவழப்பாக, மூடிக் கிடந்தது.

"கிட்டத்தட்டச் செவிடு. கிளை அதிர்ந்தா தெரிஞ்சுக்கும். மத்தபடி நீங்க சண்டை போட்டாலும் அதுக்கு ஒண்ணுதான், பாட்டுப் பாடினாலும் ஒண்ணுதான்." டாக்டர் அதைப் பைக்குள் விட்டுக் கட்டினார். "ஏம்மா கண் கலங்குது? நல்ல சேதிதான சொன்னேன்?"

வெளியே வந்து காரிலேயே உட்கார்ந்து மேலாளரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். விற்றிருக்கிற பெட்டிகள் எல்லாவற்றிலும் அந்த அனுமதியை உடனே எடுக்க வேண்டும் என்றாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"புகார் ஏதாச்சும் வந்திருக்கா மிதுனா?"

"எப்படி சார் வரும்? வீட்டுல சண்டை போட முடியலன்னு யாரு சார் புகார் குடுப்பா?"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் அவர். அடுத்த வாரம் பேசலாம் என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மயில்சாமி பால்கனியில் இருந்தார். டிவி ஓடவில்லை. ஆனாலும் அங்கேயேதான் இருந்தார். மிதுனா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி செய்ததை, குளிரை, காது இல்லாததை. தன்னுடைய மடத்தனத்தையும் சேர்த்தே சொன்னாள். அவர் ஆச்சரியப்படுவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பெட்டிதான் பண்ணுதுன்னு எனக்கு அப்பவே தெரியும் அம்மிணி."

"எப்படிப்பா?"

"மோட்டாரோடயே வாழ்ந்தவன் நானு. எது எப்ப ஓடுது, எது நிக்கறப்ப எது கிளம்புதுன்னு காதுலயே தெரியும். நான் கூடத்துல கால வெச்சா உங்கம்மாவுக்குக் கீசர் கூப்பிடும். அவ வந்தா எனக்கு டிவி கூப்பிடும். ஒரு வாரத்துலயே புடிச்சுட்டேன்."

"அப்பறம் ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல? அம்மாகிட்டயாவது?"

மயில்சாமி வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். "உங்கம்மா சொல்லித்தான் நீ அப்படி வெச்சிருக்கறேன்னு நெனச்சேன். என்ர கூட வாதாடி வாதாடி அலுத்துப்போயிருச்சு, அத மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டாம்னு பொண்ணுகிட்டச் சொல்லி ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டான்னு. அவளே இவ்வளவு நாகரிகமா ஒதுங்கறப்ப நான் போய் ஏன் எதுக்குன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அதுவும் ஒரு சண்டையாத்தான் முடியும். சண்டை வேண்டாம்னுதான அவ இதையே பண்ணியிருக்கறா. அதான் கேக்கல."

"அம்மா அப்படி எதுவும் சொல்லலப்பா."

"இப்பத் தெரியுது," என்றார் மயில்சாமி.

மிதுனா குன்னூருக்கு வீடியோ கால் போட்டாள். கோகிலவாணி பள்ளி விடுதியின் வராந்தாவில் இருந்தார். பின்னால் பிள்ளைகள் பந்து விளையாடுகிற சத்தம். மிதுனா மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். கோகிலவாணி குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், "எனக்குத் தெரியும் கண்ணு," என்றார்.

மிதுனா போனை இன்னும் கிட்டே பிடித்தாள்.

"கீசர் எந்த நேரத்துல போடணும்னு இத்தன வருசமா எனக்கு ஒரு பழக்கம் இருக்குதல்ல? அது மாறினா தெரியாதா? வேலை செய்யறது பெட்டின்னாலும் அதத் திருப்பி வெச்சது உங்கப்பாதான்னு நெனச்சேன். அவருக்கு ஒரு வயரும் ஒரு ஸ்குரூடிரைவரும் இருந்தா போதுமே. ரிட்டயர் ஆயி இருவத்தி நாலு மணி நேரமும் இவ வீட்லயே இருந்தா எப்படிச் சமாளிக்கறதுன்னு பயந்து இப்படிப் பண்ணிட்டாரு போலன்னு நெனச்சேன். பரவாயில்ல, கத்தாம சொல்லிட்டாருன்னு எடுத்துக்கிட்டேன். குன்னூர்க்காரங்க கூப்பிட்டாங்க, போறேன்னு சொன்னேன். ஒரு வார்த்தை ஏன்னு கேப்பாருன்னு பாத்தேன். சரின்னாரு."

மிதுனா போனை அப்பாவின் பக்கம் திருப்பி வைத்தாள். இதற்குமேல் நடுவில் நின்று பேச அவளுக்குத் தெம்பு இல்லை. இனிமேல் ஆரம்பிக்கட்டும் என்று நினைத்தாள். நீ கேட்டிருக்க வேண்டும், இல்லை நீங்கள்தான் கேட்டிருக்க வேண்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பிக்கட்டும். சின்ன வயதில் காதைப் பொத்திக்கொண்டவள் இப்போது காத்துக்கொண்டிருந்தாள்.

"கோகிலா," என்றார் மயில்சாமி. "நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்."

அப்பா எதைச் சொன்னாலும் அம்மா மறுப்பார். உலகத்தில் மிதுனாவுக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

"ஆமாங்க," என்றார் கோகிலவாணி. "நானும் கேட்டிருக்கோணும்."

"ஆமா," என்றார் மயில்சாமி.

பந்துச் சத்தம் கேட்டது. மிதுனா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திரும்பி வரலாமில்ல?" என்று அவளே கேட்டாள், யாரைப் பார்த்து என்று இல்லாமல்.

"பரீட்சை வரைக்கும் இருக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார் கோகிலவாணி. "அப்பறம் அவரு எப்படிச் சொல்றாரோ அப்படி."

"அவளுக்கு எப்படித் தோதோ அப்படிச் செய்யட்டும்," என்றார் மயில்சாமி. "நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"சரிங்க."

"குளிரு ஜாஸ்தியா அங்க?"

"இருக்குங்க. ஸ்வெட்டர் வெச்சிருக்கறேன்."

"சரி."

அவர்கள் பேச்சு இவ்வளவு சுத்தமாக இருந்து மிதுனா கேட்டதே இல்லை. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு வார்த்தை உரசவில்லை. பெட்டி இப்போது வெறும் தண்ணீர்ப் பெட்டிதான், ஆனால் அது சொல்லிக்கொடுத்த பாடத்தை இருவரும் நன்றாகவே படித்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. பிறகு மயில்சாமியும் கோகிலவாணியும், கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்ட தூரத்துச் சொந்தக்காரர்களைப் போல, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்கள்.